முத்துச்செல்வி நின்றால் ஐம்பத்தேழு

இரவு பத்து நாற்பது. ஒரகடத்திலிருந்து வாலாஜாபாத் போகிற சாலை. வடக்குப்பட்டு கூட்டு ரோட்டில் ஒரு கம்பெனி பஸ் நிற்கிறது. ஒரே ஒரு பெண் இறங்குகிறாள். கதவு மூடுகிறது. பஸ் போய்விடுகிறது... கொஞ்ச நேரத்தில் அதன் சிவப்பு விளக்கும் போய்விடுகிறது.

சாலையை விட்டு ஒரு மண் பாதை இறங்கும். இரண்டு பக்கமும் சீமைக் கருவேலம். தலைக்கு மேல் பெரிய டவர்களின் கம்பிகள். நாலு லட்சம் வோல்ட். பனி இறங்குகிற இரவில் அந்தக் கம்பிகள் சும்மா இருக்காது. ஸ்ஸ்ஸ்... என்று இரையும். காய்ந்த தோசைக்கல்லில் தண்ணீர் தெளித்தது போல. ஆனால் அடங்கவே அடங்காது.

இவ்வளவுதான் சொல்லியிருந்தேன். தங்கமாரி என் வலது கையைப் பிடித்துக்கொண்டாள்.

"யாருக்கு நடந்துச்சுன்னு மொதல்ல சொல்லிருங்கக்கா. அப்பத்தான் எவ்வளவு பயப்படணும்னு தெரியும்."

"காலேஜ்ல என்கூடப் படிச்சவளோட அக்காவுக்கு."

அப்படித்தான் சொன்னேன்.

இருங்காட்டுக்கோட்டை ஹாஸ்டலில் கரண்ட் போய் அரை மணி நேரம் ஆகியிருந்தது. கொசுவுக்காக ஜன்னலைச் சாத்திவிட்டு மூன்று பேரும் ஒரே பாயில் உட்கார்ந்திருந்தோம். எதிரே வேல்விழி, வலப்பக்கம் தங்கமாரி. எனக்கு இடப்பக்கம் யாருமில்லை. என் துணிப் பையும் அதற்கப்பால் சுவரும்தான். வேல்விழி வாலாஜாபாத்துக்காரி. ஏரிக்கரைப் பேய் ஒன்றைச் சொல்லி முடித்திருந்தாள். தங்கமாரி சங்கரன்கோவில் பக்கம். அவளும் ஒன்று சொன்னாள். அடுத்து என் முறை என்றார்கள். நான் அதிகம் பேசுகிறவள் இல்லை. ஆனால் இருட்டில் யாருடைய முகத்தையும் பார்க்க வேண்டியதில்லை... சரி என்று ஆரம்பித்துவிட்டேன்.

"உன் கதைலயும் வெள்ளப் பொடவதானா?" என்றாள் வேல்விழி.

"இல்ல. யூனிபார்ம்."

அக்கா பி.எஸ்ஸி. இயற்பியல் படித்தவள். ஒரகடத்தில் ஒரு கம்பெனியில் தரச் சோதனைப் பிரிவில் வேலை. பகல் ஷிப்ட். பஸ்ஸிலிருந்து இறங்கிய பெண் முத்துச்செல்வி. அதே கம்பெனியில் சால்டரிங் லைனில் செகண்ட் ஷிப்ட். ஊர் விளாத்திகுளம் பக்கம். இருவருக்கும் வடக்குப்பட்டில் கங்கம்மாள் என்கிற அம்மாவின் வீட்டு மாடியில் ஓர் அறை.

முத்துச்செல்விக்கு மாலைக்கண். வெளிச்சத்தில் கடுகளவு பாகத்தைக் கூடத் தப்பாமல் பற்றவைப்பாள். இருட்டினால் எதிரே நிற்கும் சுவர் தெரியாது. கம்பெனிக்குத் தெரிந்தால் வேலை போய்விடும் என்று யாரிடமும் சொல்லவில்லை. அக்காவிடம் மட்டும் சொன்னாள்.

கூட்டு ரோட்டிலிருந்து வீட்டுக்குப் பத்து நிமிட நடை. தினமும் அக்கா டார்ச்சோடு போய்க் கூட்டிவருவாள். வலது கையில் டார்ச். இடது கையில் அவள். எப்போதும் இடப்பக்கம்தான் வருவாள். லைனில் எட்டு மணி நேரம் ரப்பர் விரலுறை போட்டு வேலை செய்வதால் அவள் விரல்நுனிகள் வியர்வையில் ஊறிச் சுருங்கியிருக்கும். இருட்டில் அந்த விரல்களை வைத்தே அவள்தான் என்று சொல்லிவிடலாம். துப்பட்டாவில் சால்டர் புகை வாசம் அடிக்கும். குங்கிலியம் போல.

சிக்கல் என்னவென்றால், பஸ் எப்போது வரும் என்று தெரியாது. ட்ரெய்லர் லாரிகள் சாலையை அடைத்துவிட்டால் பத்து நாற்பது பதினொன்றரை ஆகும். லைனுக்குள் போன் கொண்டுபோகக் கூடாது. கேட்டில் கொடுத்தால் திரும்ப வாங்க வரிசையில் நிற்பதற்குள் பஸ் போய்விடும். அதனால் போனை அறையிலேயே சார்ஜில் போட்டுவிட்டுப் போவாள். அக்கா முன்னாலேயே போய் நின்றால் லாரிக்காரர்கள் ஹாரன் அடிப்பார்கள். வண்டியை மெதுவாக்கிப் பேச்சுக் கொடுப்பார்கள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் அக்கா ஒரு பழைய டியூப்லைட்டைக் கொண்டுபோய் அந்தக் கம்பிகளுக்கு அடியில் செங்குத்தாகப் பிடித்தாள். எதிலும் சொருகவில்லை. எரிந்தது. மங்கலாக, நடுங்கிக்கொண்டு.

"ஆத்தீ!" என்றாள் முத்துச்செல்வி. "மேலருந்து கரண்டு சிந்துதா?"

"சிந்துற மாதிரிதான். காத்து வழியா கொஞ்சம் எறங்கும்."

"அப்ப ஒரு தட்டு வச்சுப் பிடிப்போமா?"

விளையாட்டாகத்தான் சொன்னாள். ஆனால் அதுதான் சரியான வழி. ஆயுத பூஜைக்குக் கம்பெனியில் கொடுத்த எவர்சில்வர் தாம்பாளத்தையும் அவளே கொண்டுவந்தாள். அக்கா அதை ஒரு பிளாஸ்டிக் குழாயின் உச்சியில், நெஞ்சு உயரத்தில் பொருத்தினாள். சாலையிலிருந்து முப்பது அடி உள்ளே, கம்பிகளுக்கு நேர் கீழே. தட்டில் இறங்குகிற துளி மின்சாரம் கீழே ஒரு டப்பாவில் சேரும். நிறைந்ததும் ஒரு சின்ன விளக்கு பளிச்சென்று ஒருமுறை மின்னும். கூடவே ஒரு ரேடியோ சமிக்ஞை போகும். அறையில் இருக்கும் இன்னொரு டப்பா அதை வாங்கி 'டிக்' என்று சத்தம் போடும். முந்தைய டிக்கிலிருந்து எத்தனை நொடி என்று எண் காட்டும்.

நாற்பது நொடிக்கு ஒருமுறை. பாட்டரி இல்லை, கனெக்‌ஷன் இல்லை.

"கரண்டுத் திருடி," என்று முத்துச்செல்வி அக்காவுக்குப் பேர் வைத்தாள்.

ஆனால் பக்கத்தில் ஆள் வந்து நின்றால் நாற்பது மாறிவிடும். மேலிருந்து இறங்குவதில் ஒரு பங்கை ஆளின் உடம்பே வாங்கி மண்ணுக்குக் கொடுத்துவிடும். தட்டு நிறைய நேரமாகும். எவ்வளவு நேரம் என்பது ஆளின் உயரத்தைப் பொறுத்தது. நான்கு ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து அளந்தார்கள். வெயிலில் நின்றதெல்லாம் முத்துச்செல்விதான். அக்கா எழுதினாள்.

முத்துச்செல்வி நின்றால் ஐம்பத்தேழு. அக்கா கொஞ்சம் உயரம், அறுபத்து மூன்று. இருவரும் கைகோத்து நின்றால் எழுபத்தெட்டு. கங்கம்மாளின் கன்றுக்குட்டிக்கு நாற்பத்தாறு.

"நான் நின்னா?" என்றாள் வேல்விழி.

"நீங்க நின்னா வெளக்கு விடிஞ்சுதான் எரியும்," என்றாள் தங்கமாரி.

"ஏய் பல்லி. உனுக்குலாம் அது நம்பரே மாறாது."

இருவரும் சிரித்தார்கள். நான் காத்திருந்தேன்.

அதன்பின் கஷ்டமில்லை. பஸ்ஸை விட்டு இறங்கியதும் சாலை வெளிச்சத்திலேயே முப்பது அடி தடவி வந்து, அந்த மின்னுகிற விளக்கின் பக்கத்தில் நின்றுகொள்வாள். அறையில் எண் ஐம்பத்தேழு ஆகும். அக்கா டார்ச்சை எடுத்துக்கொண்டு கிளம்புவாள். மூன்று மாதம் ஒருநாள் தவறவில்லை. வழியில் புது டவர் லைனுக்காகக் குழிகள் தோண்ட ஆரம்பித்திருந்தார்கள். அங்கே வரும்போது அக்கா அவள் கையை இன்னும் இறுக்கிப் பிடித்து, ஓரமாக நடத்திக் கூட்டிவருவாள்.

கம்பெனியில் நல்ல யோசனை சொல்பவர்களின் படத்தை ஒரு பலகையில் ஒட்டுவார்கள். கைசன் போர்டு. கரண்ட் பேனல் பக்கத்தில் ஆள் நெருங்கினால் எச்சரிக்க இதே மாதிரி ஒன்று வைக்கலாம் என்று அக்கா எழுதிக் கொடுத்தாள். படிவத்தில் பெயர் எழுத இரண்டு கோடு இருந்தது. ஒன்றில் தன் பெயரை எழுதினாள். இரண்டாவதில்... சூப்பர்வைசர் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தார். இன்னொருத்தி யார், அவளுக்கு ஏன் ராத்திரியில் விளக்கு, என்று கேட்டால் மாலைக்கண்ணைச் சொல்ல வேண்டிவரும். அதனால்தான் எழுதவில்லை. அப்படித்தான் அக்கா தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள்.

படம் ஒட்டிய அன்று மத்தியானம், ஷிப்டுக்கு வந்த முத்துச்செல்வி பலகை முன்னால் நின்றாள்.

"தட்டு என்னது. வெயில்ல நின்னது நானு. படம் மட்டும் ஒனக்கா, கரண்டுத் திருடி?"

சிரித்துக்கொண்டுதான் கேட்டாள். சுற்றி நாலு பேர் இருந்தார்கள். அவர்களும் சிரித்தார்கள். அக்கா குனிந்துகொண்டு போய்விட்டாள்.

அன்று இரவு. மழை விட்டிருந்தது. பத்து நாற்பது.

டிக். ஐம்பத்தேழு.

அக்கா டார்ச்சை எடுத்தாள். ஒரு காலைச் செருப்பில் நுழைத்தாள். பத்து நிமிடம் கைகோத்து நடக்க வேண்டும். அவள் மறுபடி கேட்பாள்... என்ன சொல்வது? அடுத்த டிக் வரட்டும், போகலாம்.

ஐம்பத்தேழு.

அடுத்ததற்குப் போகலாம்.

ஐம்பத்தேழு. ஐம்பத்தேழு. ஒவ்வொன்றுக்கும் அக்கா எழுந்திருக்கப் பார்த்தாள். கோபமில்லை. அவள்மேல் ஒரு பொட்டுக் கோபமும் இல்லை. முகத்தைப் பார்க்க வெட்கம். அவ்வளவுதான். அவ்வளவுக்காக...

இருபத்தாறு முறை. அதன்பின் நாற்பது.

வேறு யாரோ துணைக்குக் கிடைத்திருப்பார்கள், வந்துகொண்டிருக்கிறாள் என்று அக்கா நினைத்தாள். மாடிப்படி விளக்கைப் போட்டுவைத்தாள். தூங்குவதுபோல் இருக்கலாம் என்று போர்வையை இழுத்துத் தலைவரை மூடிக்கொண்டாள். நிஜமாகவே தூங்கிவிட்டாள்.

காலையில் பக்கத்துப் பாய் சுருட்டியபடியே இருந்தது.

டவர் குழி நான்கு. நான்கிலும் மழைத் தண்ணீர் தளும்பியது. மூன்றாவது குழியில் இருந்தாள். வலது கை மட்டும் முன்னால் நீட்டியபடி... எதையோ துழாவுவது போல.

"ஐயோ," என்றாள் தங்கமாரி. அவள் விரல்கள் என் கையில் இறுகின.

விளாத்திகுளத்திலிருந்து அப்பா வந்தார். பிச்சையா என்று பேர். மகளின் போனையும் பையையும் வாங்கிக்கொண்டு மாடிப்படியில் உட்கார்ந்தார். அழவில்லை. பிறகு அக்காவைக் கேட்டார்.

"தெனம் நீதான் கூட்டிட்டு வருவியாமே தாயி. போன்ல சொல்லிக்கிட்டே இருப்பா. அன்னைக்கு ஒனக்குக் காய்ச்சல் கீய்ச்சல் அடிச்சிருக்கும்... அப்படித்தான?"

அக்கா தலையாட்டினாள்.

"ஒடம்பப் பாத்துக்கோ," என்று அவர் எழுந்து போனார்.

போலீஸ் கேட்டபோதும் காய்ச்சல், தூங்கிவிட்டேன் என்றாள். அன்று ராத்திரி அந்த டப்பாவின் நினைவில் பதிந்திருந்த இருபத்தாறு வரிகளையும் அழித்தாள். சோதனைப் பிரிவில் அது பழக்கம்தான். பொருந்தாத அளவு வந்தால், கருவிக் கோளாறு என்று எழுதி நீக்கிவிடுவார்கள்.

மூன்றாம் நாள் இரவு, பத்து நாற்பது. டிக்.

ஐம்பத்தேழு.

தட்டில் பனி விழுந்திருக்கும் என்று நினைத்தாள். எங்கிருந்தாவது கிளை சாய்ந்திருக்கும். மாடு நிற்கும். ஆனால் இருபத்தாறு முறை. எண்ணினாள். இருபத்தாறு முறை ஐம்பத்தேழு, பிறகு நாற்பது. மறுநாளும். அதற்கடுத்த நாளும். பகலில் போய்த் தட்டைத் துடைத்தாள், கிளைகளை வெட்டினாள். இரவில் அதே இருபத்தாறு.

உடம்பு இருந்தால்தான் அது மின்சாரத்தை வாங்கும். இல்லாத உடம்பு எதை வாங்கும்? அக்கா படித்த எந்தப் புத்தகத்திலும் அதற்கு வழி இல்லை.

பதினோராம் நாள் போனாள். படியிறங்கும்போது கங்கம்மாள் கதவைத் திறந்தார்.

"இந்நேரத்துல எங்கமா போறே? அங்க பாம்பு கீது."

"இதோ வந்துர்றேம்மா."

வலது கையில் டார்ச். இடது கையில் எண் காட்டுகிற அந்த டப்பா. கம்பிகள் இரைந்தன. விளக்கு தூரத்தில் ஒருமுறை மின்னியது. பத்தடி தள்ளி நின்று பார்த்தாள். தட்டு. குழாய். வேறெதுவும் இல்லை. ஈர மண்ணில் அடிச்சுவடு கூட இல்லை.

டிக். ஐம்பத்தேழு.

அப்போதுதான் அந்த வாசம் வந்தது... குங்கிலியம். அதற்கடியில் குழித் தண்ணீரின் சேற்று வாசம்.

அக்கா டப்பாவை மடியில் செருகிக்கொண்டு தட்டின் பக்கத்தில் போய் நின்றாள். மன்னிப்புக் கேட்கத்தான் போனாள். வாய் திறக்கவில்லை. கைமயிர் எல்லாம் எழுந்து நின்றது. அந்தக் கம்பிகளுக்கு அடியில் நின்றால் அது எல்லாருக்கும் வருவதுதான். மனசுக்குள் எண்ணினாள். நாற்பது போனது. ஐம்பத்தேழு போனது. அறுபத்து மூன்று... போனது.

எழுபத்தெட்டில் டிக்.

இடது உள்ளங்கை சில்லென்றது.

என் கையை உதறிக்கொண்டு ஓடினேன்... என்று சொல்லிவிட்டு, ஓடினாள் என்று திருத்தினேன். டார்ச் எங்கோ விழுந்தது. வீடு வரை திரும்பிப் பார்க்கவில்லை.

வேல்விழி எதையோ சொல்ல வந்து நிறுத்திக்கொண்டாள். தங்கமாரிதான் மெல்லப் பேசினாள்.

"வீட்டுக்குக் கூட்டிட்டுப் போகத்தான நின்னுக்கிட்டிருந்தா. கூட்டியாந்திருக்கலாம்லக்கா. பாவம்... ரெண்டாந்தடவையும் விட்டுட்டு ஓடியாந்துட்டாளே."

நான் மீதியைச் சொல்லி முடித்தேன். மறுநாள் பட்டப்பகலில் அக்கா போய்த் தட்டுக்கு எர்த் கம்பி தொடுத்து, எல்லாவற்றையும் பிரித்து எடுத்தாள். தாம்பாளத்தை அந்த அப்பாவின் முகவரிக்கு அனுப்பிவைத்தாள். அறையைக் காலி செய்தாள். வேலையையும் விட்டாள். அறையில் இருந்த அந்த டப்பா மட்டும் இன்னும் இருக்கிறது. அணைக்க மனம் வரவில்லையாம். ஐந்து மாதமாக ஒரு சத்தமும் இல்லை.

"அவ்ளோதானா?" என்றாள் வேல்விழி. "நல்லாத்தான் கீது. ஆனா..."

டிக்.

மூன்று பேரும் என் பையைப் பார்த்தோம்.

"இன்னாது அது?" வேல்விழியின் குரல் இறங்கியிருந்தது.

"அந்த டப்பாதான். அக்கா எங்கிட்டக் குடுத்து வச்சா."

"தோ பார்றா. எங்கள பயமுறுத்தணும்னு செட்டப் பண்ணிக்கினு கத சொல்றியா நீ? ஊமை மாதிரி இருந்துகினு..." சிரிக்கப் பார்த்தாள். போனை எடுத்து ஸ்டாப்வாட்ச் போட்டாள். "சரி, பாத்துரலாம். டைம் இன்னா? பத்து நாப்பது. கரெக்டா வச்சிருக்கே."

போன் வெளிச்சம் எங்கள் முகங்களில் நீலமாக விழுந்தது. தட்டு விளாத்திகுளத்தில். விளக்கும் கம்பிகளும் பிரித்துப் பரணில் போட்டாயிற்று. எண்கள் ஓடின.

நாற்பது. ஒன்றுமில்லை.

ஐம்பது. தங்கமாரி மூச்சைப் பிடித்துக்கொண்டாள். ஐம்பத்தைந்து. ஐம்பத்தாறு. ஐம்பத்தேழு...

ஒன்றுமில்லை. ஐம்பத்தெட்டு. ஐம்பத்தொன்பது.

வேல்விழி பெருமூச்சு விட்டாள். "அந்தப் பொண்ணு இல்ல. தப்பிச்சோம்." தங்கமாரியும் சிரித்துவிட்டாள். "ஒங்க டப்பாவுக்குக் கணக்குத் தெரியலக்கா."

அறுபத்து மூன்று போனது. நான் சிரிக்கவில்லை. எழுபது. அறையில் குங்கிலியம் வாசம் வந்தது. எழுபத்தைந்து. அவர்களுக்கும் வந்திருக்க வேண்டும். சிரிப்பு நின்றது.

எழுபத்தெட்டு.

டிக்.

பிறகு தங்கமாரி, என் கையை விடாமலே, கேட்டாள்.

"யக்கா... அந்த அக்கா அளவு அறுபத்து மூணுன்னு சொன்னீங்க. ஒங்க அளவு எத்தன?"

"அறுபத்து மூணு," என்றேன். "காய்ச்சல் இல்ல, தங்கமாரி. முழிச்சுக்கிட்டுதான் இருந்தேன்."

தங்கமாரி என் வலது கையை விட்டாள். பாயை விட்டு நகர்ந்து வேல்விழியோடு ஒட்டிக்கொண்டாள். போன் வெளிச்சம் அணைந்தது.

இடது கை மட்டும் விடுபடவில்லை. அதைப் பிடித்திருந்த விரல்நுனிகள் ஊறிச் சுருங்கியிருந்தன.